வெயிலுக்குச் சாகாதது

அடி விழுந்த சத்தம் தராசு அறை வரைக்கும் கேட்டது. முதல் அடிக்கும் இரண்டாவது அடிக்கும் நடுவே பொன்னுத்தங்கம் "ஐயோ, போர்மேனய்யா" என்று கத்துவதற்கு மட்டும் இடம் விட்டு, நிதானமாக விழுந்த அடி. வீரலட்சுமி கையிலிருந்த கந்தகத் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தபோது போர்மேன் சோலைமலை மூன்றாவதற்குக் கையை ஓங்கியிருந்தான். அவன் கையில் இருந்தது பழைய ரப்பர் விரிப்பிலிருந்து அறுத்தெடுத்த வார். மருந்து கலக்கும் அறையின் தரையில் கிடந்து, எதுவும் எதோடும் உரசிவிடாமல் அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்களைக் காப்பாற்ற வேண்டிய ரப்பர் அது. பட்டாசுக் கம்பெனிக்குள் இரும்பு கூடாது என்று சட்டம் இருந்தது. ரப்பர் வார் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

"என்ன செஞ்சா அவ?"

"மருந்தச் சிந்திப்புட்டா கெமிஸ்ட்டம்மா. நீங்க உள்ள போங்க. இது கூலியாளுக விசயம்."

அவள் உள்ளே போகவில்லை. ஓங்கிய கையிலிருந்து வாரைப் பிடுங்கினாள். பொம்பளை ஒருத்தி தன் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்குவாள் என்று சோலைமலை கனவிலும் நினைத்திராததால் அது சுலபமாகவே வந்துவிட்டது. வாரை இரண்டாக மடக்கினாள். தினமும் கழுவி வெளியே வெயிலில் உலர்த்தியதில் வெந்து வெந்து தோல் முழுக்க வெடித்திருந்த ரப்பர், சுட்ட அப்பளம் மாதிரி நொறுங்கி வாய் பிளந்தது. ஒவ்வொரு வெடிப்புக்குள்ளும் வெள்ளி நிறத்தில் ஒரு கோடு மின்னியது. அலுமினியப் பொடி, வெடியுப்பு, கந்தகம். மூன்றும் சேர்ந்து அங்கே குடியிருந்தன.

"இத வச்சா அடிச்ச? நீ ஓங்குனது சாட்டையில்ல. இன்னும் பத்த வைக்காத திரி."

பொன்னுத்தங்கம் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டாள். அதுதான் சோலைமலைக்குத் தாங்கவில்லை. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் அவன் விரிப்பின் இன்னோர் ஓரத்தை அறுத்துப் புது வார் செய்துகொண்டான்.

வாரைப் பிடுங்கிய கையைவிட அந்த வெள்ளிக் கோடுகள்தான் வீரலட்சுமியைத் தூங்கவிடாமல் அடித்தன. அந்த விரிப்பின் மேல்தான் அவளுடைய அக்கா ராமுத்தாய் தினமும் சம்மணம் போட்டு உட்கார்ந்து மருந்து சலித்தாள். தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போன பிறகு, எம். புதுப்பட்டியில் கம்மங்காடு காய்ந்து கிடந்த ஒரு வருஷத்தில் ராமுத்தாய் இந்தக் கம்பெனிக்குள் நுழைந்தாள். கட்டினவன் தங்கச்சியை அனுப்பிவிடு என்றபோது கட்டினவனை அனுப்பிவிட்டாள். தங்கச்சியை விருதுநகர் ஆஸ்டலில் சேர்த்தாள். ஊரில் ஆண்பிள்ளைகளே எட்டாம் வகுப்பைத் தாண்டாதபோது வீரலட்சுமி ரசாயனத்தில் பட்டம் வாங்கினாள் என்றால், அது ராமுத்தாயின் நகக்கண்ணில் ஏறி இறங்காமல் நின்றுவிட்ட வெள்ளிப் பொடியால் வாங்கிய பட்டம். அக்கா பிசைந்து தரும் சோற்றில்கூடக் கந்தக வாசம் இருக்கும். அதைத் தின்றுதான் அவள் வளர்ந்தாள். கந்தகத்தின் அணு எடை என்ன என்று கல்லூரியில் கேட்டபோது அவளுக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தச் சோறுதான்.

முதலாளி கனகசபாபதி அவளை வேலைக்கு எடுத்தது தொழிலுக்காக அல்ல. பம்பாயிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம், "நம்ம கம்பெனி கெமிஸ்ட்டு, பி.எஸ்சி. படிச்ச புள்ள, நம்ம புதுப்பட்டிதான்" என்று காட்டுவதற்காக. அம்பாசிடர் கார் வாங்கிய அதே வருஷம் அவளையும் எடுத்தார். குரல் உயராத மனிதர். யாரையும் அடிக்கச் சொல்ல மாட்டார், அடிப்பதைத் தடுக்கவும் மாட்டார்.

"விரிப்ப மாத்தணும் சார்."

"மாத்துவோம் தாயி. போன வருசந்தான மாத்துனோம்?"

"இந்த ரப்பர் ஒரு வருசங்கூடத் தாங்காது. மரத்துப் பாலுல செஞ்சது. வெயிலும் காத்தும் பட்டாலே அதுக்குள்ள இருக்கிற கட்டு அறுந்து வெடிக்கும். வெடிப்புல மருந்து போய் உக்காரும். ஒரு நா முட்டிய அழுத்தி ஒருத்தி எந்திரிச்சா போதும்."

"வெடிக்காத ரப்பர் எங்கன விக்கிது?"

அது எங்கே விற்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சிவகாசி அச்சாபீசுகளுக்கு உருளை விற்க மதராஸிலிருந்து வரும் ரத்தினசாமி என்ற ஏஜெண்டு, ஒருநாள் தராசு அறை வாசலில் நின்று அவளிடம் அரைமணி நேரம் வாய் ஓயாமல் பேசியிருந்தார். மரமே இல்லாமல் ஆலையில் காய்ச்சும் ரப்பர். குளோரோப்ரீன் என்று பெயர். அதன் உடம்பிலேயே குளோரின் கலந்திருப்பதால் வெயிலோ எண்ணெயோ அதை லேசில் தின்ன முடியாது, தீயும் அதில் நின்று எரியாது. கப்பலில் ஓடும் மின்கம்பிக்கு மேலுறை, கார் எஞ்சினில் தண்ணீர்க் குழாய், அமிலத் தொட்டிக்கு உள்பூச்சு, சீமையில் பாலத்துக்கும் தூணுக்கும் நடுவே வைக்கும் மெத்தை எல்லாம் அதுதான் என்றார். "அச்சு மையி பட்டு உருளை ஊதிப்போகுதுன்னு அழுதாகளே, இதப் போட்ட பெறகு ஒரு அச்சாபீஸ்காரன் எனக்கு வெத்தல பாக்கு வச்சுக் கொடுத்தான்" என்று சொல்லி, கைக்குட்டை அளவில் கறுப்பாக ஒரு துண்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

கனகசபாபதிக்கு எதையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஆகவே அவள் கண்ணால் பார்க்கவைத்தாள். மர ரப்பரில் ஒரு நாடா, புது ரப்பரில் ஒரு நாடா. இரண்டையும் இழுத்து ஒரே பலகையில் செம்பு ஆணி அடித்து, சித்திரை பிறந்ததும் ஆபீஸ் மொட்டைமாடியில் போட்டாள். அக்கினி நட்சத்திரம் அந்த ஊரை எப்படி வறுக்குமோ அப்படி வறுத்தது. காகம்கூட இறங்காத மத்தியானங்களில் அவள் மட்டும் மாடியேறிப் பலகையைப் பார்த்துவிட்டு வருவாள். மர ரப்பர் முதலில் வெளுத்தது, பிறகு குறுக்கே குறுக்கே மயிர்க்கோடு விழுந்தது, கடைசியில் இழுத்த இழுப்புக்கு நடுவில் அறுந்து இரண்டு துண்டாகச் சுருண்டு கிடந்தது. புது ரப்பர் போட்ட மாதிரியே இருந்தது. பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து முதலாளி மேஜை மேல் வைத்தாள். அவர் முன்னாலேயே மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். மர ரப்பர் பூரி மாதிரி உப்பியது, புதியது சற்றே தடித்ததோடு சரி. வெளியே முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தீயில் காட்டினாள். மர ரப்பர் சொட்டுச் சொட்டாக உருகி எரிந்துகொண்டே இருந்தது. புதியதிலிருந்து தீக்குச்சியை எடுத்ததும் தீயும் போய்விட்டது.

"வெயிலுக்கு ஒண்ணுமே ஆகலியே" என்றார் கனகசபாபதி, நாடாவை இழுத்து இழுத்து விட்டபடி. தீயைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை அவள் அப்போது கவனிக்கவில்லை. ஜெயித்துவிட்ட மயக்கம்.

ஆவணியில் விருதுநகர் ஸ்டேஷனிலிருந்து லோடோடு லோடாக வந்து இறங்கியது விரிப்பு. சுருளை அவிழ்த்ததும் பெண்கள் கூடிவிட்டார்கள். எருமைத்தோல் மாதிரிக் கனமும் கறுப்பும் மினுக்கமும். இது வெயிலுக்கும் சாகாது, வயசும் ஆகாது என்று ராமுத்தாய் தங்கச்சியிடம் கேட்டதை அப்படியே ஒப்பித்தாள்.

"அப்ப இவரு மார்க்கண்டன்னு சொல்லு" என்றாள் பொன்னுத்தங்கம். "என் வீட்டுல ஒண்ணு கெடக்கு. முப்பது வயசுலயே வெடிச்சுப்போச்சு. அதக் குடுத்துட்டு இதக் கூட்டிக்கிட்டுப் போயிருவமா?"

"மடியில உக்கார வச்சுக்கிருவாரு, அடிக்க மாட்டாரு. கூட்டிக்கிட்டுப் போ" என்றாள் இன்னொருத்தி.

அன்றிலிருந்து அதன் பெயர் மார்க்கண்டன். கலக்கும் அறையில் அதை விரித்த முதல் நாள், ராமுத்தாய் உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தங்கச்சியை நிமிர்ந்து பார்த்தாள். உள்ளங்கையால் விரிப்பை இரண்டு தட்டுத் தட்டினாள், வாங்கி வந்த மாட்டின் முதுகைத் தட்டுவது மாதிரி.

ஒரு வாரம்கூட அது அங்கே கிடக்கவில்லை. வெள்ளிக்கிழமை சந்தனம் குங்குமம் வைக்க வந்த கனகசபாபதி வாசலிலேயே நின்றுவிட்டார். நாள் முழுக்க வெயிலை நம்பிப் பிழைக்கிற தொழில். மருந்து உருண்டையும் திரியும் காய்ந்தால்தான் காசு. உலர்த்தும் களத்தில் வருஷா வருஷம் காடாத் துணி விரித்து, வருஷா வருஷம் அது இற்றுப்போய்த் தூர எறிய வேண்டியிருந்தது. வெயிலில் ஒன்றுமே ஆகாத சாமான் இங்கே கூரைக்குக் கீழே சும்மா கிடப்பதைக் கண்டபோது அவருக்கு வயிறு எரிந்தது. சாப்பாட்டை நாய்க்குப் போட்டதைப் பார்த்தவர் மாதிரி நின்றார்.

"வெயில் தாங்குற சாமான நெழல்ல கெடத்தி வச்சிருக்கீகளே. எடுங்கலே. களத்துல விரிங்க."

வீரலட்சுமி ஓடி வந்தாள். கறுப்பு, வெயிலைக் குடித்து அடுப்பாகக் கொதிக்கும் என்றாள். காடாத் துணி மடிந்தால் மருந்து நழுவும், ரப்பர் மடிந்தால் ரப்பரும் ரப்பரும் நடுவில் மருந்தை வைத்துத் தேய்க்கும் என்றாள். வெயிலுக்கு ரப்பர் கெடாது என்றால் மருந்து கெடாது என்று அர்த்தமில்லை என்றாள். பேசப் பேசத் தன் குரல் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற குரலாக மாறுவது அவளுக்கே கேட்டது.

"ஏந்தாயி, மாடியில வெயில்ல போட்டுக் காட்டுனது யாரு?" என்றார் அவர், கோபமே இல்லாமல். "நிழல்ல போடுறதுக்கா அம்புட்டு நா வெயில்ல காயவச்சுக் காமிச்ச?"

சோலைமலை சிரித்தான். கன்னத்தில் அறைந்திருந்தால் அவள் திருப்பி அறைந்திருப்பாள். இது அவள் கையாலேயே அவளை அறைந்த அறை.

மார்க்கண்டன் களத்துக்குப் போனான். கலக்கும் அறைக்கு மறுபடியும் வெடித்த விரிப்பு வந்தது. அன்றைக்கு வீட்டில் அக்காளும் தங்கச்சியும் சண்டை போட்டார்கள்.

"வேலய விட்டுரு அக்கா. என் சம்பளம் போதும்."

"ஒன் சம்பளத்துல திங்கிறதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்? சீசன் முடியட்டும்டி."

"சீசன் முடியறதுக்குள்ள நீ முடிஞ்சுபோவ."

ராமுத்தாய் கையில் இருந்த அகப்பையை அவள் மேல் வீசினாள். தோளில் பட்டு விழுந்தது. பிறகு அவளே எடுத்துக் கழுவி வைத்தாள். மறுநாள் வீரலட்சுமி முதலாளியிடம் போய்த் தனக்கென்று முதல்முறையாக ஒன்று கேட்டாள்: அக்காளைக் கலக்கும் அறையிலிருந்து மாற்றிக் களத்துக்கு அனுப்ப வேண்டும். நான்கு சுவருக்குள் வெடித்தால் ஒரு வாசல்தான், களத்தில் ஓடவாவது வெட்டவெளி இருக்கிறது என்று அவள் கணக்குப் போட்டாள். களத்துக்கு ஒரு விதியும் போட்டாள். விரிப்பை இழுக்கக் கூடாது, மடக்கக் கூடாது, மருந்தை மரக்கரண்டியால் அள்ளித் தட்டில் வைத்துத்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். கனகசபாபதி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தலையாட்டுவதற்கு அவருக்குச் செலவு ஒன்றுமில்லை.

அந்த விதி எதை எதிர்த்து நின்றது என்பது அவளுக்குத் தெரியாமலில்லை. அந்த வட்டாரத்தில் மழை வருஷத்தில் எப்போதோதான் வரும், வந்தால் சொல்லாமல் வரும். மேற்கே கறுத்ததும் யாராவது ஒருத்தி "மேகம்! மேகம்!" என்று குரல் கொடுப்பாள். கொடுத்த மாத்திரத்தில் கம்பெனியில் இருக்கிற அத்தனை பெண்களும் கைவேலையைப் போட்டுவிட்டுக் களத்துக்கு ஓடி வந்து, காடாத் துணியின் நாலு மூலையையும் கூட்டிப் பிடித்து, மருந்தோடு மருந்தாக ஒரே இழுப்பில் கொட்டகைக்குள் சேர்த்துவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்த வேலையல்ல அது. காட்டில் நெல்லும் கம்பும் காயப்போட்ட வீட்டுப் பெண்களுக்குக் கையிலேயே இருந்தது. மேகம் என்ற சொல் காதில் விழுந்தால் தூக்கத்தில்கூட அந்தக் கைகள் மூலையைத் தேடும்.

ஐப்பசியில், தீபாவளிக்கு நாள் நெருங்கி லாரிகள் வாசலில் வரிசை போட்டு நின்ற ஒரு பிற்பகலில் அந்தக் குரல் எழுந்தது. வீரலட்சுமி தராசு அறையில் இருந்தாள். வெளிச்சம் மங்கியதை முதலில் பார்த்தாள். பிறகு குரல். பிறகு ஓட்டம். எத்தனை கால்கள் களத்தை நோக்கி ஓடின என்று சுவரே சொன்னது.

"இழுக்காதீக! விட்டுட்டு ஓடுங்க!"

அவள் கத்திக்கொண்டே ஓடினாள். களத்தில் இரண்டு பேர் மரக்கரண்டியோடு குனிந்திருந்தார்கள், ராமுத்தாய் ஒருத்தி. நிதானமாகத்தான் அள்ளிக்கொண்டிருந்தாள். சோலைமலை ரப்பர் வாரை அவள் முதுகில் விளாசினான்.

"கரண்டியில அள்ளி என்னைக்கிடி முடிப்ப? ஒரு சொட்டு விழுந்துச்சோ தோல உரிச்சுருவேன். பிடிங்கடி மூலைய!" என்று கத்திவிட்டு, ஓடி வருகிற மற்றப் பெண்களை விரட்ட வாசல் பக்கம் ஓடினான்.

அடிக்குப் பயந்து பிடித்தாளா, மேகத்துக்குப் பழகிய கை தானாகப் பிடித்ததா, அதை வீரலட்சுமி அதன் பிறகு எத்தனையோ முறை கேட்டுக்கொள்ளப் போகிறாள். அக்கா கரண்டியைப் போட்டாள். மூலையைப் பிடித்தாள். எதிர்மூலையில் பொன்னுத்தங்கம். நாலு மூலையும் எழும்பின. பகல் முழுக்க வெயிலைக் குடித்துக் கொதித்துக் கிடந்த கனமான கறுப்பு நடுவில் தொய்ந்து, தன்மேல் தானே மடிந்தது. சிமெண்டுத் தரையில் ரப்பர் இழுபடும் சத்தம் ஆட்டுக்குட்டி அலறுவது மாதிரிக் கேட்டது. ராமுத்தாய் தங்கச்சியின் குரல் கேட்டு முகத்தைத் திருப்பினாள். என்னடி என்று கேட்கப் போகிற முகம்.

வெளிச்சம் முதலில் வந்தது. வெள்ளை. அதற்குள் எல்லாமே வெள்ளை. சத்தம் வந்தபோது வீரலட்சுமி மல்லாந்து கிடந்தாள். காதுக்குள் ஒரே ஊதல். எழுந்து நடந்தாள். காலுக்குக் கீழே ஒரு வளையல் துண்டு, ஒரு மரக்கரண்டி, சேலைத் துணி ஒட்டிய ஒரு கை. நகக்கண்ணில் வெள்ளிப் பொடி இருந்தது. அதற்குமேல் அடையாளம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பொன்னுத்தங்கம் கொஞ்ச நேரம் உயிரோடிருந்தாள். உடம்பில் தோல் இல்லை. தண்ணீர் கேட்டாள், குடிக்க உதடு இல்லை. மற்ற மூலைகளைப் பிடித்திருந்த இரண்டு பேரைக் கயிற்றுக் கட்டிலில் போட்டு லாரியில் ஏற்றினார்கள். மேகம் அப்படியே நின்றது. ஒரு சொட்டும் விழவில்லை.

கனகசபாபதியின் கார் வந்தபோது பெண்கள் மண்ணை வாரி எறிந்தார்கள். அவர் கைகூப்பியபடியே களத்துக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது, பொய்யில்லை. வீரலட்சுமி அக்காளுடைய கையைத் தன் முந்தானையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டி அவர் கண் விரிப்பின் மேல் போயிற்று. மேலே சாம்பல் பூத்துப் பொரிந்திருந்தது, நடுவில் இரண்டு மூன்று கிழிசல். மற்றபடி முழுசாகக் கிடந்தது.

அவர் சோலைமலையிடம் குனிந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார். "பேக்டரி இன்ஸ்பெக்டரு ஜீப்பு திருத்தங்கல் தாண்டிருச்சாம். களத்துல ரப்பர் இருக்கப்படாது. கழுவிச் சுருட்டிக் கலக்குற ரூமுல விரிச்சுருங்க. அங்கனதான எப்பவும் கெடந்துச்சு."

கலக்கும் அறையில். அவள் கேட்ட அதே இடத்தில்.

வீரலட்சுமி எழுந்தாள். அக்காளின் கையைப் பொன்னுத்தங்கத்தின் தலைமாட்டில் பதனமாக வைத்தாள். விரிப்பின் மூலையைத் தூக்க ஆள் குனிந்தபோது அதன் நடுவில் போய் நின்றாள்.

"தள்ளு" என்றான் சோலைமலை. அவள் தள்ளவில்லை. தங்கச்சியையும் அக்காளையும் ஒரே கையால் அடித்தவன் என்ற பெயர் அன்றைக்கு அவனுக்கு வந்தது. வார் அவள் கழுத்தோடு சுற்றி விழுந்தது. இந்த முறையும் பிடுங்கினாள். இந்த முறை மடக்கிப் பார்க்கவில்லை. முகத்தில் அடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு அவன் பின்வாங்க, விடாமல் போய் வாயில் அடித்தாள், காதில் அடித்தாள், குனிந்த பிடரியில் அடித்தாள். பெண்கள் யாரும் தடுக்கவில்லை. ஆண்கள் யாருக்கும் கிட்டப் போகத் தைரியம் வரவில்லை. இற்றுப்போன ரப்பர் ஒவ்வோர் அடிக்கும் ஒரு துண்டாக உடைந்து தெறித்தது. கடைசியில் அவள் பிடிக்குள் இருந்தது மட்டும் மிச்சம்.

"தாயி" என்றார் கனகசபாபதி. "ஒனக்கு என்ன வேணும்னு சொல்லு. நா செய்யுதேன்."

"இங்கனயே கெடக்கணும். யாராச்சும் மூலையத் தொட்டீகன்னா கைய ஒடிப்பேன்."

சொல்லிவிட்டு அவள் விரிப்பின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அடியிலிருந்து இன்னும் சூடு ஏறிக்கொண்டிருந்தது. கழுத்தில் வழிந்த ரத்தத்தைத் துடைக்கவில்லை. ஒவ்வொருத்தியாகப் பெண்கள் வந்து ஓரத்தில் நின்றார்கள். அவர்களில் ஒருத்தி முதலில் தயங்கி, பிறகு சேலையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் மழை இறங்கியது. பெரிய பெரிய துளி. களத்தைச் சுற்றிக் கிடந்த கரிசல் மண், விழுந்ததை விழுந்த இடத்திலேயே குடித்தது. மண்ணில் சிந்தியிருந்த சிவப்பெல்லாம் கண்ணெதிரே கரைந்து, கறுத்து, இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ரப்பர் ஒன்றையும் குடிக்கவில்லை. அதன் மேல் விழுந்த துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஏற்கெனவே அங்கே கிடந்ததையும் சேர்த்துக்கொண்டு, அவர்களுடைய மடிந்த கால்களைச் சுற்றிச் சிவப்பாகத் தேங்கி நின்றன. திருத்தங்கல் சாலையில் ஒரு ஜீப்பின் விளக்கு மழைக்குள் பெரிதாகிக்கொண்டே வந்தது.